அசையாத கமெரா: 'ஹியர்' படத்தை யாழ்ப்பாணத்தில் எடுத்தால் எங்கே வைப்பது?

கிடுகுவேலி (கொண்டாவில்)

றொபேட் செமெக்கிஸின் 'ஹியர்' (2024) படத்தைப் போன கிழமைதான் பார்த்தேன். கதை முழுக்க வெளியே வரும், பார்க்க இருக்கிறவர்கள் இந்த இழைக்குள் வராதீர்கள்.

அமெரிக்காவில் ஒரு வீடு. அதன் முன் ஹோலில் கமெரா நிற்கிறது. படம் முழுக்க நின்ற இடத்தை விட்டு அசையாது. எதிரே பெரிய யன்னல், வெளியே ஒரு தெரு. வீடு வருவதற்கு முதல் அதே இடத்தில் டைனோசர் ஓடுகிறது, பனி உறைகிறது, காடு முளைக்கிறது, பழங்குடி இளைஞனும் பெண்ணும் சந்திக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீட்டைக் கட்டுகிறார்கள். பிறகு குடும்பம் குடும்பமாக வந்து போகிறார்கள். விமானம் ஓட்டப் பைத்தியமான ஒருவர், சாய்மனைக் கதிரை கண்டுபிடிக்கிற ஒருவர், இரண்டாம் உலக யுத்தத்தால் திரும்பி வந்த சிப்பாய், அவரின் மகனாக ரொம் ஹாங்ஸ், மருமகளாக றொபின் றைட். 1994இல் 'ஃபொரஸ்ட் கம்ப்' எடுத்த அதே கூட்டணி.

ஆண்டு வரிசையில் கதை போகவில்லை. 1960களின் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையின் ஒரு மூலையில் சின்னச் சதுரம் திறந்து, அதற்குள் 1918 தெரியும். பிறகு அந்தச் சதுரம் பெருத்து முழுத் திரையாகிவிடும். இது றிச்சட் மக்வயர் என்ற ஓவியரின் யோசனை. 1989இல் ஆறு பக்கச் சித்திரக்கதையாக வரைந்தார், 2014இல் முழுப் புத்தகமாக்கினார்.

படம் நல்லதா கெட்டதா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பார்த்து முடிந்ததில் இருந்து எனக்கு ஒரே யோசனை. இதை எங்கள் ஊரில் எடுத்தால் கமெராவை எங்கே வைப்பது? விறாந்தையிலா, ஹோலிலா, முற்றத்திலா? அங்கே வைத்தால் கமெராவில் என்ன தெரியும்?

ஸ்காபரோக்குளிர்

நானும் பார்த்தேன். அரைவாசியில் நித்திரை வந்துவிட்டது. எதையும் முழுசாகக் காட்டுகிறார்களில்லை. ஒரு பிள்ளை பிறக்கும், அடுத்த நிமிடம் கலியாணம், அடுத்தது செத்தவீடு. ரொம் ஹாங்ஸைக் கணினியால் பதினெட்டு வயதாக்கியிருக்கிறார்கள். முகம் பெடியன், நடையும் குரலும் கிழவன். போட்ட காசில் பாதிகூடத் திரும்பி வரவில்லையாம். வராதுதான்.

ஒரே ஒரு காட்சி மட்டும் நெஞ்சில் தைத்தது. கடைசியாக அந்த வீட்டுக்கு வருகிற கறுப்பினக் குடும்பத்தில், தகப்பன் மகனை இருத்திச் சொல்லிக் கொடுக்கிறார்: பொலிஸ் காரை மறித்தால் கையை எங்கே வைக்க வேண்டும், எப்படிக் கதைக்க வேண்டும் என்று. அப்பா எனக்குச் சொன்னதுதான் ஞாபகம் வந்தது. ஆமிச் சென்றிக்கு முதலே சைக்கிளால் இறங்கி உருட்டு, ஐசியை (அடையாள அட்டையை) கையில் எடுத்து வை, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, சிரிக்காதே. எங்கள் ஊரில் அந்தக் காட்சியை எந்த வீட்டு ஹோலில் வைத்தாலும் பொருந்தும்.

விளக்குத்திரி (நல்லூர், கலியாண வீடியோ எடுப்பவன்)

அண்ணை, முகத்தைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் ஒரே இடத்தில் கமெரா வைத்து ஒன்றே முக்கால் மணித்தியாலம் ஓட்டுவது விளையாட்டு இல்லை. குளோசப் கிடையாது. நடிகர்தான் கமெராவுக்குக் கிட்ட வந்து நிற்க வேண்டும். யார் முன்னால், யார் பின்னால், எந்தத் தளபாடம் எங்கே என்பதெல்லாம் கணக்கு. காலம் மாறியது என்று காட்ட யன்னலும் சுவர்க் கடதாசியும் தொலைக்காட்சிப் பெட்டியும்தான் இருக்கின்றன.

நான் எடுத்தால் வெளிச்சத்தை வைத்தே காலத்தைச் சொல்வேன். எழுத்துப் போடவே தேவையில்லை. குத்துவிளக்கும் தேங்காயெண்ணெயும், பிறகு மண்ணெண்ணெய் அரிக்கன் லாம்பு, விசேஷத்துக்கு பெற்றோல்மாக்ஸ், பிறகு மஞ்சள் குண்டு பல்ப், ரியூப் லைற். அத்தோடு முன்னேறிக்கொண்டே போகும் என்று பார்க்கிறவர் நினைப்பார். 1990 வந்ததும் திடீரென்று எல்லாம் பின்னுக்குப் போகும். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தங்க விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்சமே கொஞ்சம் எண்ணெய் விட்டு, சிக்கன விளக்கு. அந்த வெளிச்சத்தில் ஒரு பிள்ளை ஓஎல் சோதனைக்குப் படிக்கிறது. பக்கத்தில் தமையன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றுகிறான், டைனமோவில் றேடியோ செய்தி வாசிக்கிறது.

செமெக்கிஸின் வீட்டில் காலம் ஒரு பக்கமாகத்தான் போகும், கறுப்பு வெள்ளை ரீவி கலராகும், கலர் தட்டையாகும். எங்கள் வீட்டில் 1985ஐ விட 1992 பழையதாக இருக்கும். அந்தச் சின்னச் சதுர உத்தி எங்களுக்குத்தான் சரியாகப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

கல்லுக்கிணறு (புத்தூர்)

ஒரு சின்னத் தொந்தரவு. எங்கள் முற்றத்தில் டைனோசர் ஓட விடாதீர்கள். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது. டைனோசர் அழிந்தது 6 கோடியே 60 லட்சம் வருடத்துக்கு முதல், இந்தக் கல் கடலுக்கடியில் படியத் தொடங்கியதே அதற்கு நாலு கோடி வருடத்துக்கும் பிறகு. தொடக்கக் காட்சிக்குக் கமெராவைத் தண்ணீருக்குள் இறக்குங்கள். சிப்பியும் பவளமும் மீனும் போகட்டும்.

பிறகு கடல் வடிந்து கல்லு வெளியே வரும், அதன் மேல் செம்மண், பனை. ஆனைக்கோட்டையில் பெருங்கற்காலத்து எலும்புக்கூட்டோடு பிராமி எழுத்துள்ள முத்திரை எடுத்தார்கள், கந்தரோடையில் சின்னச் சின்னத் தாதுகோபங்கள் வரிசையாக நிற்கின்றன. வீடு கட்ட முதலே அங்கே நிறைய ஆட்கள் வந்து போய்விட்டார்கள். 'ஹியர்' படத்தில் வளவைக் கிண்டப் பழங்குடிப் பெண்ணின் மாலை வருமே, அதுமாதிரி எங்கள் வளவுகளிலும் வரும். வந்தால் வேலிக்கு அங்கால் யாருக்கும் சொல்ல மாட்டோம். காணி பிரச்சினைப்படும்.

தோம்பு (யாழ் நகரம்)

நொத்தாரிசுக் கந்தோரில் எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும்.

அந்தப் படத்தின் நடு முடிச்சே றொபின் றைட் மாமன் மாமி வீட்டில் காலம் முழுக்க இருக்க வேண்டி வந்ததுதான். தனி வீடு வேண்டும் என்று கேட்டுக் கேட்டே ஐம்பது வயது வந்துவிடுகிறது. புருஷன் ஓவியம் வரைவதை விட்டு இன்சூரன்ஸ் விற்கிறான், வரிக்கும் வட்டிக்கும் பயந்து வீட்டை விட்டு நகர மாட்டான். அமெரிக்காவில் அது சரியாக இருக்கலாம். எங்கள் ஊரில் கதை தலைகீழ். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். வெளியில் இருந்து வருகிறவர் மருமகன். கமெராவை ஒரே ஹோலில் நூறு வருடம் வைத்தால் தாய், மகள், பேத்தி என்று பெண் வழிதான் நிலைத்து நிற்கும். ஆண்கள் சாய்மனைக் கதிரைக்கு ஒவ்வொருவராக வந்து போவார்கள். அப்படியிருந்தும் மாமனார் செத்த பிறகு அந்தக் கதிரையில் இருப்பவர் ஏதோ தானே கட்டிய வீடு மாதிரிக் கதைப்பார். இது நான் கண்ணால் காண்கிறது.

இரண்டு மூன்று பெண் பிள்ளைகள் என்றால் இன்னும் மோசம். வளவைத் துண்டு போடுவார்கள், நடுவில் ஒழுங்கை விடுவார்கள். வீட்டையே பிரித்த இடங்களும் உண்டு. ஹோலுக்கு நடுவே சுவர் எழும்பும். அப்படியென்றால் அசையாத கமெராவுக்கு முன்னால் திடீரென்று வெறும் சுவர்தான் தெரியும். தாய் தகப்பன் பின்பத்திக்கு ஒதுங்குவார்கள்.

திரைக்கதை தேடி அலையவும் தேவையில்லை. பழைய காணி உறுதி (பத்திரம்) ஒன்றை எடுத்து வாசியுங்கள். காணிக்கு ஒரு பெயர் இருக்கும், இன்ன கலட்டி, இன்ன வளவு என்று. பரப்பும் குழியும் இருக்கும். கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு எல்லை யார் யாருடைய காணி என்று பெயர் பெயராக இருக்கும். பின்னோக்கிப் போனால் சீதன உறுதி, நன்கொடை உறுதி, ஈடு, ஈட்டு மீட்சி. ஒல்லாந்தர் காலத்தில் காணித் தோம்பு (காணிப் பதிவேடு) எழுதினார்கள், 1707இல் எங்கள் வழமைச் சட்டமான தேசவழமையைத் தொகுத்தார்கள். ஆட்சி மாறியது, எல்லைக்காரனின் பெயர் மாறியது, காணியின் பெயர் மட்டும் அப்படியே கிடக்கிறது. மக்வயரின் புத்தகத்தில் ஒவ்வொரு சதுரத்தின் மூலையிலும் ஆண்டு போட்டிருக்கும். எங்களுக்கு உறுதி இலக்கம் போட்டால் போதும்.

ஸ்காபரோக்குளிர்

தோம்பு அண்ணை, உங்கட உறுதியில் 'வெளிநாட்டில் வசிக்கும்' என்று எழுதுகிற காலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கோ.

உண்மையாகவே எங்கள் வீட்டு ஹோலில் இப்போது ஒரு கமெரா இருக்கிறது. அம்மாவும் இங்கே வந்த பிறகு வீடு பூட்டிக் கிடக்கிறது, களவுக்குப் பயந்து தம்பி சிசிரிவி பூட்டிவிட்டான். நாங்கள் நாலு பேரும் நாலு நாட்டில் இருந்து போனில் பார்க்கிறோம். கூட்டித் துடைக்கிற அக்கா வெள்ளிக்கிழமை வருவா. சாமிப்படத்துக்கு விளக்கு வைப்பா. கமெராவைப் பார்த்து "தம்பி, சீலிங்கில ஒழுக்கு" என்று சத்தமாகச் சொல்லுவா. மற்ற நாளெல்லாம் பல்லிதான். படத்தில் நித்திரை வந்தது என்றேன், ஆனால் வேலை முடிந்து வந்து அந்த வெறும் ஹோலை அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டு இருப்பேன். மனிசி ஏசுவா.

கிடுகுவேலி

இதைத்தான் நான் முதல் கேள்வியில் கேட்கத் தெரியாமல் கேட்டிருக்கிறேன். செமெக்கிஸின் வீடு ஒரு நாளும் வெறுமையாகக் கிடப்பதில்லை. ஒரு குடும்பம் போகும், விற்பனை முகவர் வருவார், அடுத்த குடும்பம் வந்துவிடும். ஆட்கள் இல்லாத நேரத்தை வெட்டி எறிந்துவிட்டார்கள். கடைசியில்தான் வெறும் வீடு. ரொம் ஹாங்ஸ் மறதி நோய் வந்த மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து இரண்டு கதிரை போட்டு இருத்துகிறார், அவவுக்கு மகளின் றிபன் தொலைந்தது ஞாபகம் வருகிறது, அப்போதுதான் கமெரா முதல் தடவையாக நகருகிறது. எல்லோரும் அழுகிற இடம்.

எங்கள் படத்தில் ஆட்கள் இல்லாத நேரம்தான் நீளமானது. 1995 ஒக்டோபர் 30 இரவு, ஆமி நெருங்கி வர, வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் போனது. கமெரா மட்டும் ஹோலில் நிற்கிறது. அடுத்த சித்திரை வரைக்கும் யாரும் வரவில்லை. முதல் நாள் அடுப்பில் வைத்த கறி, கட்டி வைத்த நாய், அவசரத்தில் விட்டுப்போன ஒற்றைச் செருப்பு. பிறகு முன்பின் தெரியாத ஆட்கள் உள்ளே வருவார்கள், அலுமாரி போகும், கதவு போகும். ஆறு மாதத்தை எத்தனை நிமிடம் காட்டுவது? நான் என்றால் பத்து நிமிடம் விடுவேன்.

மயிலிட்டிப்பெட்டை

ஆறு மாதத்துக்குப் பத்து நிமிடமா? அப்படியென்றால் எங்கள் வீட்டுக்கு எத்தனை மணித்தியாலம் விடுவீர்கள்?

வலிகாமம் வடக்கில் நாங்கள் 1990இல் வெளிக்கிட்டோம். உயர் பாதுகாப்பு வலயம் என்று ஆமி பூட்டியது. துறைமுகப் பக்கம் 2017இல்தான் விட்டார்கள். அம்மா இளம் வயதில் போனவ, பேரப்பிள்ளையோடு திரும்பி வந்தா. வீடு நின்றது என்றா நினைக்கிறீர்கள்? ஓடு இல்லை, தீராந்தி இல்லை, நிலைகூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஹோலுக்கு நடுவில் ஆலமரம். வேலி இருந்த அடையாளமே இல்லாமல் பற்றை. எல்லா வளவும் ஒரே காடாகிவிட்டது, எது யாருடையது என்று தெரியாது. ஆட்கள் கிணற்றை வைத்துத்தான் காணியைக் கண்டுபிடித்தார்கள். "எங்கட கிணத்துக்கட்டில அப்பா கையால ஆண்டு எழுதினவர்" என்று சொல்லிச் சொல்லித் தேடினார்கள். தூர்ந்துபோன கிணறுகளும் இருந்தன.

சும்மா நிற்கிற கமெராவுக்கு அங்கே நல்ல கதை இருக்கிறது. மரம் வளர்வது. முதல் சீமெந்து வெடிப்பில் ஒரு முளை, பிறகு வேர் சுவரைப் பிளக்கும், பிறகு கூரை விழும், மழை நேரே ஹோலுக்குள். செமெக்கிஸுக்கு வீடு கட்ட முதல்தான் காடு. எங்களுக்குக் கட்டின பிறகு.

சோனகதெருவான் (புத்தளம்)

ஒக்டோபர் 30 என்று சொல்லும்போது இரண்டு ஒக்டோபர் 30 இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். 1995க்குச் சரியாக ஐந்து வருடம் முதல், அதே திகதி, 1990இல் யாழ்ப்பாண முஸ்லிம்களான எங்களைப் புலிகள் வெளியேறச் சொன்னது. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு மணித்தியாலம். உடுத்த உடுப்போடு போனவர்கள்தான் கூட. உம்மா சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு வந்தவ.

உங்கள் படத்தில் எங்கள் வீட்டு ஹோல் வருமா? அந்த ஹோலில் 1990க்கும் 95க்கும் நடுவில் யார் இருந்தார்கள் என்பதையும் காட்டுவீர்களா? சண்டைக்குக் கேட்கவில்லை. ஒரே இடத்தில் நிற்கிற கமெராவுக்கு நல்ல ஆள், கெட்ட ஆள் என்று பார்க்கத் தெரியாது, அதுதான் எனக்கு அதில் பிடித்தது. எடுக்கிறவர் பிறகு வெட்டாமல் இருந்தால் சரி.

கிடுகுவேலி

வெட்ட மாட்டேன் என்று இங்கே எழுதுவது லேசு, நானா. எடுக்கும்போது உங்களைப் பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும். அந்த ஐந்து வருடமும் வரும்.

முற்றத்தோடநின்றவன்

எல்லோரும் ஹோல் ஹோல் என்று எழுதுகிறீர்கள். நான் கேட்கிறேன், எத்தனை பேர் ஹோலுக்குள் வந்திருக்கிறார்கள்?

என் அப்பப்பா சீவல் தொழில். ஒரு வீட்டின் பனை முழுக்க அவர்தான் ஏறினார். கிடுகு வேய்ந்ததும் வேலி அடைத்ததும் எங்கள் ஆட்கள். அந்த வீட்டு ஹோல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. முற்றத்தில் நிற்க வேண்டும், தேத்தண்ணி தனிப் பேணியில் அல்லது சிரட்டையில், கிணற்றில் கை வைக்க ஏலாது, வீட்டுக்காரர் அள்ளி ஊற்ற வேண்டும். 1957இல் தீண்டாமைக்கு எதிராகச் சட்டம் வந்தது, 1968இல் உள்ளே விடச் சொல்லிக் கேட்ட எங்கள் ஆட்களுக்கு மாவிட்டபுரம் கோயில் வாசலில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே நீங்கள் ஹோலில் கமெரா வைத்தால் எங்கள் நூறு வருடமும் யன்னலுக்கு வெளியே, தூரத்தில், ஃபோக்கஸ் இல்லாமல் போய்விடும்.

அந்தப் படத்திலும் இதே குறைதான். பழங்குடிச் சோடிக்கு வசனமே இல்லை, இரண்டு நிமிடம் அழகாக வந்து போகிறார்கள். கறுப்பினக் குடும்பத்துக்கும் ஒரு கைப்பிடி காட்சி. வீட்டைச் சுத்தம் செய்கிற பெண் கொரோனாவில் போய்விடுகிறாள், அவளின் வீடு எங்கே என்று படத்துக்குத் தெரியாது. கமெராவை ஹோலில் வைத்த உடனேயே கதை யாருடையது என்று முடிவாகிவிட்டது.

விளக்குத்திரி

இது எனக்கு உறைக்கிறது. கலியாண வீட்டில் எங்கே ட்றைபொட்டை ஊன்றுகிறேனோ அங்கே நிற்கிற சொந்தக்காரர்தான் வீடியோ முழுக்க வருவார். அதற்காகவே இடம் பிடிக்க அடிபடுவார்கள்.

சரி, முற்றத்தில் வைத்தால்? முற்றம் என்றால் பகல் வெளிச்சம், வேலி தெரியும், படலை தெரியும், வருகிறவர் போகிறவர் எல்லோரும் தெரியும். 80களில் ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்டதும் முற்றத்தில்தானே. பங்கர் வெட்டியதும் முற்றத்தில்.

கல்லுக்கிணறு

முற்றத்தை விடக் கிணற்றடி நல்லது. என்னுடைய வாக்கு கிணற்றடிக்கு.

எங்களுக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேல் நன்னீர்ப் படையாக நிற்கும். அதை அள்ளித்தான் இத்தனை நூற்றாண்டும் குடித்தோம், புகையிலை போட்டோம், வெங்காயம் போட்டோம். கமெராவை அங்கே வைத்தால் தொழில்நுட்பமும் தானாகத் தெரியும். முதல் துலா. ஒருவர் மேலே ஏறித் துலா மிதிக்க, இன்னொருவர் கீழே நின்று பட்டை பிடித்து இறைப்பார், பாட்டுப் படித்துக்கொண்டு. பிறகு கப்பி. பிறகு மண்ணெண்ணெய்ப் பம்ப். 90இல் மண்ணெண்ணெய் இல்லாமல் போகத் திரும்பவும் துலா, தம்பியின் விளக்கு மாதிரியே. பிறகு மின்சார மோட்டர். மோட்டர் வந்து இழுத்த இழுவையில் கரையோரக் கிணறுகளில் உவர் ஏறியது. சுன்னாகப் பக்கம் கிணற்றில் எண்ணெய் மிதந்த காலமும் உண்டு, பவுசர் வந்து தண்ணீர் கொடுத்தது. இப்போது கிணறு இருக்கிற வீட்டுக்காரரே இருபது லீற்றர் போத்தல் வாங்கிக் குடிக்கிறார்.

தோம்பு

உறுதியும் கிணற்றடியைத்தான் சொல்லும். காணியை ஆறு துண்டாகப் பிரித்தாலும் கிணற்றைப் பிரிக்க ஏலாது. "கிணற்றில் பங்கும் வழி வாய்க்காற் பங்கும்" என்று ஒவ்வொரு உறுதியிலும் வரும். சொந்தம் கதைக்காமல் பத்து வருடம் இருந்தவர்களும் இறைப்பு முறைக்கு ஒரே கிணற்றடிக்குத்தான் வருவார்கள். வழக்குகள் பாதி அங்கேயே தொடங்குகின்றன.

மயிலிட்டிப்பெட்டை

சாமத்தியத்துக்குத் தண்ணி வார்ப்பது, செத்தவீடு முடிந்து வந்து எல்லோரும் முழுகுவது, குழந்தைக்கு வெயிலில் எண்ணெய் பூசிக் குளிப்பாட்டுவது, உடுப்புத் தோய்க்கிற நேரத்து ஊர்ப்புதினம் எல்லாம் கிணற்றடி. ஹோலில் நடப்பது வந்த ஆட்களுக்காக நடப்பது.

ஆனால் பெண்கள் குளிக்கிற இடத்தில் நூறு வருடம் கமெரா வைக்கப் போகிறீர்கள், கொஞ்சம் யோசியுங்கள். மறைப்பு வேலிக்கு இங்கால் வையுங்கள்.

முற்றத்தோடநின்றவன்

கிணற்றடிக்கு நானும் சம்மதம். ஒரு நிபந்தனை. யார் அள்ளுகிறார், யார் கை நீட்டிக்கொண்டு காத்து நிற்கிறார் என்பது ஒரே சட்டத்துக்குள் தெரிய வேண்டும். அள்ளுகிறவர் முன்னுக்கும் காத்து நிற்கிறவர் பின்னுக்கும் என்று வைத்தால் பழைய கதைதான். பக்கவாட்டில் வையுங்கள்.

பிறகு ஒரு நாள் யாரும் கேட்காமல் அந்தக் கை நேரே கயிற்றைப் பிடிக்க வேண்டும். அது எந்த ஆண்டு என்று போடாதீர்கள். சில ஊரில் எப்பவோ நடந்தது, சில ஊரில் இன்னும் இழுபறி.

ஸ்காபரோக்குளிர்

எதற்கும் சொல்கிறேன், 1987இல் இந்திய ஆமி வந்தபோது எங்கள் சனம் ஒளித்தது கிணற்றடி வாழைக்குள்தான். நகைப்பொட்டலம் கிணற்றுக்குள் போட்டதும் அப்போதுதான். எடுத்தோமா என்று கேட்காதீர்கள், சித்தி வாசிக்கிறா.

கிடுகுவேலி

அப்ப முடிவு. ஹோல் இல்லை, கிணற்றடி. பக்கவாட்டுக் கோணம், மறைப்பு வேலிக்கு இங்கால். சண்டை, ஒப்பந்தம், இடப்பெயர்வு எதையும் நேரே காட்டுவதில்லை, தண்ணீர் அள்ள யார் வருகிறார், யார் வரவில்லை என்பதை மட்டும் காட்டுவது. ஆட்கள் இல்லாத நேரத்தை வெட்டுவதில்லை. முகத்தைக் கணினியால் இளமையாக்க எங்களிடம் காசும் இல்லை, தேவையும் இல்லை. ஒவ்வொரு தலைமுறைக்கும் வேறு ஆள் நடிக்கட்டும், தூரத்தில் இருந்து பார்த்தால் குடும்ப நடை ஒன்று போதும்.

முதல் இருபது நிமிடத்துக்கு ஒன்று செய்து பார்ப்போம். விளக்குத்திரி, உன்னுடைய கமெரா எப்போது கலியாணம் இல்லாமல் சும்மா இருக்கும்?

விளக்குத்திரி

ஆடி மாதம் முழுக்க. ஆனால் ஆடியில் தண்ணீர் கீழே போயிருக்கும், கயிறு நீளமாக வேண்டும். மழைக் காட்சிக்குக் கார்த்திகையில் திரும்ப வர வேண்டும். ட்றைபொட் வைத்த இடத்தில் சீமெந்து போட்டு மூன்று ஓட்டை விடுங்கோ, இல்லாவிட்டால் நாலு மாதம் கழித்து ஒரு அங்குலம் பிசகினாலும் சதுரம் பொருந்தாது.

கல்லுக்கிணறு

எங்கள் பழைய கிணறு ஒன்று பாவிக்காமல் கிடக்கிறது. துலாக் கால் இன்னும் நிற்கிறது, துலாதான் உக்கிப் போயிற்று. வந்து பாருங்கள். ஆனால் இறைத்துப் பல வருடம், முதல் சேறு வார வேண்டும், இரண்டு ஆள் உள்ளே இறங்க வேண்டும். பம்ப் நான் தருகிறேன், மண்ணெண்ணெய் நீங்கள் போட வேண்டும். ஸ்காபரோத் தம்பி சேறு வாருகிற கூலியை அனுப்பினால் நல்லது. உள்ளே நகைப்பொட்டலம் ஏதும் கிடைத்தால் அது உறுதிப்படி எங்களுக்கு, இப்போதே சொல்லி வைக்கிறேன்.